படகுத்துறையில் அரபி பேசுகிறவள்

ஆடி, ஆவணி மாதங்களில் நுவரெலியா வாவிக் கரைக்கு அரபு நாட்டுக் குடும்பங்கள் வந்து இறங்கும். அவர்கள் ஊரில் அப்போது வெயில் கொளுத்தும். இங்கே தூறலும் குளிருமாக இருக்கும். சித்திரை வசந்த காலத்தில் கொழும்பிலிருந்து வரும் கூட்டத்தைப் போல இவர்கள் பாட்டும் கூத்துமாக இருப்பதில்லை. நனைவதற்கென்றே குடையை மடக்கி வைத்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குக் காட்டியபடி ஏரிக்கரையில் நிற்பார்கள். அவர்களுக்காகத்தான் ரிஸ்கான் தன் படகுத்துறையில் வினோதாவை வேலைக்குச் சேர்த்தான்.

ரிஸ்கானுக்குப் பஜாரில் கம்பளிச் சட்டைக் கடை, ஏரியில் சில மிதிபடகுகள். ஒருநாள் அவன் கடையில் வினோதா ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஓர் அரபிப் பெண் தன் மகளுக்கு என்ன அளவு வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வினோதா குறுக்கே புகுந்து பேசினாள். அந்தப் பெண் சட்டைகளை வாங்கிக்கொண்டு வாயார வாழ்த்திவிட்டுப் போனாள். ரிஸ்கான் அளவு நாடாவைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இந்தப் பேச்சு எங்க படிச்சீங்க?”

“படிக்கல்லாம் இல்ல தம்பி. குவைத்துல வீட்டு வேல செஞ்சேன்.”

“நாளைக்கே ஏரிக்கு வந்துருங்க. ஆளுங்கள ஏத்தி எறக்கணும், லைஃப் ஜாக்கெட் கட்டி விடணும். வேற ஒண்ணும் கஷ்டம் இல்ல.”

அப்படித்தான் அவள் படகுத்துறைக்கு வந்தாள். அவள் அரபி அடுப்படியில் கற்ற அரபி. பால் பொங்குகிறது, செருப்பைக் கழற்று, குழந்தை தூங்குகிறது, சத்தம் போடாதே என்பதெல்லாம் தண்ணீர் போல ஓடி வரும். அரசியல் பேச வராது. ஊர்க் கதை, பிள்ளைகளின் காய்ச்சல், சோற்றுக்கு எவ்வளவு உப்பு என்பதெல்லாம் பேசலாம். சுற்றுலா வந்தவர்களுக்கு அது போதும்.

வினோதா பிறந்தது லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோதே கல்யாணம் ஆனது. புருஷன் யோகேஸ்வரன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு இருந்துவிட்டான். கையில் மூன்று வயதுப் பையன் லோஜன். தோட்டத்து வரிசை வீட்டில், மழைக்கு ஒழுகும் ஒற்றை அறை லயத்துக் காம்பரா. பையனை அக்கா பேச்சியம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிக் குவைத்துக்குப் போனாள். அந்த இரண்டு வருஷம் பதினொன்றாக நீண்டது.

அங்கே முதல் வீட்டில் அவள் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் நூரா. தாய்க்கு உடம்பு முடியாததால், பிறந்த நாளிலிருந்து நூரா வினோதாவின் தோளில்தான் கிடந்தது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் இவள். முதல் வார்த்தையாக அது சொன்னது “வினு” என்பதைத்தான். லோஜனுக்குப் பாடாத தாலாட்டையெல்லாம் நூராவுக்குத் தமிழில் பாடினாள். நூராவுக்கு நான்கு வயது நடக்கும்போது அந்தக் குடும்பம் வினோதாவை, படுக்கையில் கிடந்த ஒரு முதிய உறவுக்காரியைப் பார்த்துக்கொள்ள வேறு வீட்டுக்கு அனுப்பியது. பிள்ளை அழும் என்று, அது தூங்கும் நேரமாகப் பார்த்துக் காரில் ஏற்றினார்கள். அதன்பிறகு அவள் நூராவைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபோது தோட்டத்து எல்லையில் அவள் உழைப்பில் கட்டிய வீடு எழும்பி நின்றது. அதில் அக்காவும் அத்தானும் அவர்கள் பிள்ளைகளும் லோஜனும் இருந்தார்கள். லோஜன் அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். வினோதாவை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. “அவங்க சாப்புட்டாங்களா?” என்று அக்காவிடம் கேட்பான். விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட தட்டில் அவளுக்குச் சோறு வந்தது. யாரும் அவளை ஒரு குறையும் சொல்லவில்லை. பேச்சியம்மா நல்ல மனுஷி. ஆனால் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது வினோதா உள்ளே வந்தால் பேச்சு நின்று, “வாங்க, ஒக்காருங்க” என்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். சொந்த வீட்டில் எத்தனை நாளைக்கு அப்படி உட்கார முடியும்? அவள் நுவரெலியாவுக்கு வந்து, ஹாவாஎலியவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். லோஜன் படிப்பை முடித்துக் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். போன் போட்டால், “ம்… சாப்புட்டேன்… நல்லா இருக்கேன்… வேலயா இருக்கேன்” என்பான். மகன் தன்னை வெறுக்கிறான் என்று வினோதா முடிவு கட்டியிருந்தாள். வெறுக்கட்டும், அது நியாயம்தான் என்றும் நினைத்துக்கொள்வாள்.

படகுத்துறையில் நாள் முழுவதும் ஆட்கள். பிள்ளைகளின் கழுத்துக்குக் கீழே வாரைக் கட்டிவிடுகையில் அவர்கள் மூச்சு அவள் கையில் படும். மாலையில் படகுகளைச் சங்கிலியில் பூட்டிவிட்டு அறைக்குப் போனால் பேச ஆள் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள வீட்டு அக்கா லீக்ஸ் கட்டோடு எட்டிப் பார்த்து “கேவத?” என்று சாப்பாடு விசாரிப்பாள். “ஓ, கேவா” என்று இவளும் சொல்வாள். பெரும்பாலும் அதுதான் அன்றைய கடைசிப் பேச்சு.

போன வருஷம் ஆவணியில் ஒரு குவைத் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், கடைக்குட்டியாக பத்ர் என்று ஐந்து வயதுப் பையன். மற்றவர்கள் படகில் ஏறிவிட்டார்கள். பத்ர் துறையின் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலறினான். அப்பா அதட்டினார், அக்காமார் சிரித்தார்கள். வினோதா பலகையில் அவன் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

“லா தகாஃப், ஹபீபி” என்றாள். பயப்படாதே, கண்ணே என்று அர்த்தம். பிறகு தண்ணீருக்குள் கையை விட்டு, “பார், இந்த ஏரிக்குக் குளிருது. நடுங்குது. அதுக்கு உன்னைவிடப் பயம்” என்று குவைத்துப் பேச்சில் சொன்னாள். பையன் அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவள் மடியில் உட்கார்ந்து படகில் போனான்.

அவன் தாய் வினோதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ எங்கள் வீட்டுப் பெண்களைப் போலப் பேசுகிறாயே. எங்கே இருந்தாய்?” என்று கேட்டாள்.

“ஜஹ்ராவில், மாமா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. குவைத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டு எஜமானியை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள்; அந்தப் பேச்சில் அதற்கு அம்மா என்று பொருள். எட்டு வருஷமாக யாரையும் அப்படிக் கூப்பிட்டிராத வினோதாவுக்குத் தன் காதுக்கே அது விசித்திரமாகக் கேட்டது.

ஊர் சுற்றிப் பார்க்க அவளையும் கூட அனுப்பும்படி அந்தக் குடும்பம் ரிஸ்கானிடம் கேட்டது. “போயிட்டு வாங்கக்கா, நீங்களும் எங்கயும் போனதில்லையே” என்று அவன் அனுப்பி வைத்தான். உண்மைதான். இந்த மலைகளில் பிறந்தவள், எதையும் பார்க்கவென்று போனதில்லை. ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் பத்ரின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தேயிலைத் தொழிற்சாலைக்குள் அவள் போனதே அன்றுதான்; கொழுந்தை நிறுக்கும் இடம் வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேநீர்க்கடை மொட்டை மாடியிலிருந்து பள்ளத்தாக்கையும் அருவியையும் பார்க்கலாம். எல்லோரும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். எதிர் மலை முழுக்கச் சீவி விட்ட தலை போலத் தேயிலை. நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான வரிசைகள். பத்ரின் தாய் கையை நீட்டி, “அது என்ன? குதிரை லாயமா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல் கேட்டாள்.

“இல்லை மாமா. வீடுகள். நான் அந்த மாதிரி ஒன்றில்தான் பிறந்தேன்.”

அந்த அம்மாள் முகம் சிவந்து, கோப்பையைக் கீழே வைத்தாள். “மன்னித்துக்கொள்” என்றாள். வினோதாவுக்குக் கோபம் வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. அந்த வரிசைகளின் முன்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துப் போட்டது யார் என்று இங்கிருந்து தெரியவில்லை. இத்தனை காலமும் வந்துபோன ஆட்களெல்லாம் தன்னையும் இப்படித்தான் பச்சை நடுவில் ஒரு புள்ளியாகப் பார்த்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் வேனில் அவள் நூராவைப் பற்றிச் சொன்னாள். குடும்பப் பெயரைக் கேட்டதும் பத்ரின் தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய மைத்துனி ஒருத்தி அந்தக் குடும்பம் இருக்கும் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டவளாம். குவைத் சின்ன ஊர்தானே. அன்று முழுவதும் போனில் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் மதியம், ஹோட்டல் விறாந்தையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கையில், “வா, வா” என்று வினோதாவை அழைத்துப் போனைக் கையில் கொடுத்தாள்.

திரையில் ஒரு பெரிய பெண். கண்ணாடி போட்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம்.

“ஷ்லோனிச், காலா?” என்றாள். எப்படி இருக்கிறீர்கள், சித்தி என்று விசாரிக்கும் மரியாதை.

வினோதா போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். “நூரா. நான் வினு” என்றாள்.

“அம்மா சொன்னாங்க. நீங்கதான் என்னைத் தூக்கி வளர்த்தீங்களாம்.” அந்தப் பெண் தயங்கினாள். “மன்னிக்கணும் காலா. எனக்கு ஞாபகம் இல்லை. நிறைய யோசிச்சுப் பார்த்தேன்.”

“பரவால்ல. நீ ரொம்பச் சின்னப் பிள்ளை.” பிறகு, “முடிக்கு அடியில, வலது பக்கம், ஒரு தழும்பு இருக்கா?” என்று கேட்டாள்.

நூரா முடியை ஒதுக்கித் தொட்டுப் பார்த்தாள். “இருக்கு! கட்டில்லேருந்து விழுந்தேன்னு சொல்வாங்க.”

“கட்டில் இல்ல. தண்ணித் தொட்டிப் படி. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்.”

பெண் சிரித்தாள். நல்ல சிரிப்பு. யாரோ ஒரு நல்ல அத்தையிடம் சிரிப்பதுபோல. பின்னால் யாரோ கூப்பிட, “அல்லாஹ் உங்களைப் பாதுகாக்கட்டும், காலா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“பார்த்தாயா, எவ்வளவு சந்தோஷப்பட்டாள்!” என்றாள் பத்ரின் தாய்.

“ஆமாம், மாமா” என்றாள் வினோதா. விறாந்தையை விட்டு இறங்கி, ஹோட்டல் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பிறகு மறுபடியும் கழுவினாள்.

கடைசி நாள் பத்ர் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் தாய் நேராகவே கேட்டாள்: “எங்களோடு வந்துவிடேன். தனி அறை தருகிறேன். பிள்ளை உன்னிடம் ஒட்டிக்கொண்டான். இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?”

ஒரு வீடு தன்னை வேண்டும் என்று கேட்கிறது என்பதே வினோதாவின் நெஞ்சை இழுத்தது. ஒரு கணம் பெட்டி கட்டுவதைக்கூட நினைத்துப் பார்த்துவிட்டாள். பிறகு பையனைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தாள்.

“இல்லை மாமா. ஊருக்குப் போனதும் ரெண்டு நாள் அழுவான். அப்புறம் மறந்துடுவான். மறக்கட்டும்.”

கார் ஏரியைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்தது.

அன்று அறைக்குப் போகும் வழியெல்லாம் அவள் நூராவையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணிடம் கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். நான்கு வருஷம் தோளில் கிடந்த பிள்ளைக்கே ஞாபகம் இல்லை என்றால், மூன்று வயதில் விட்டுப் போன பிள்ளைக்கு எப்படி இருக்கும்? லோஜன் தன்னை வெறுக்கிறான் என்று இத்தனை காலம் நம்பியது வீண். வெறுப்பதற்குக்கூடத் தான் அவன் மனசில் இல்லை. இதை நினைத்ததும் முதலில் உடம்பெல்லாம் ஒரு வெறுமை பரவியது. சாலையோரக் கல்லில் சற்று உட்கார்ந்தாள். பிறகு வேறொன்றும் தோன்றியது. கோபமாக இருப்பவனிடம் என்ன பேசுவது என்று தெரியாது. ஆனால் தெரியாதவர்களோடுதானே நாள் முழுக்கப் பேசுகிறேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில், சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை.

“லோஜன், நீ உலக முடிவு பாத்திருக்கியா? ஹோட்டன் சமவெளியில, அந்தப் பெரிய மலை விளிம்பு?”

“இல்ல. ஏன்?”

“நானும் பாத்ததில்ல. அதான் கேட்டேன்.”

“எங்க ஹோட்டலுக்கு வர்ற ஆளுங்க எல்லாம் அதத்தான் கேக்குறாங்க. எப்புடிப் போறது, எத்தன மணிக்குப் போறதுன்னு. நுவரெலியாப் பக்கம்னு சொன்னா, ‘நீ போயிருக்கியா’ன்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்ல வெக்கமா இருக்கும்.” அவன் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“மழ விட்ட பொறகு வாறியா? போயிட்டு வருவோம்.”

“லீவு கெடச்சா பாப்போம்.”

தைப்பொங்கலுக்குப் பிறகு லீவு கிடைத்தது. பேச்சியம்மா வீட்டில் தங்கிவிட்டு விடியலில் வந்து சேர்ந்தான். ரிஸ்கான் தெரிந்த வேன்காரனைச் சொல்லி வைத்திருந்தான். பட்டிப்பொலவைத் தாண்டி வேன் ஏறும்போது புல்வெளியில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. வாயிலில் காவலாளி, காட்டில் குப்பை சேராமலிருக்க, பையைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டான். “அம்மயி புத்தாயித?” என்று சிரித்தபடி கேட்டான். அம்மாவும் மகனுமா? லோஜன் சும்மா தலையாட்டினான்.

அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால். ஒரு மரைமான், கொம்பில் புல் ஒட்டிக்கொண்டிருக்க, பாதையோரமாக நின்று அவர்களைப் பார்த்தது. லோஜன் அதைப் படம் எடுத்தான். ஓடை வந்த இடத்தில் திரும்பிப் பார்த்து நின்றான். அவள் கடந்ததும் மறுபடியும் நடந்தான். பேச எடுத்து வைத்திருந்ததையெல்லாம், குளிருக்குக் கையைப் போர்வைக்குள் வைத்திருப்பதுபோல, அவள் உள்ளேயே வைத்திருந்தாள். குழுக்களாக வந்தவர்கள் சிரித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

உலக முடிவுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. விளிம்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர் போல மூடுபனி. வந்தவர்கள் அந்த வெள்ளைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி திரும்பினார்கள். வினோதாவுக்கு முழங்கால் வலித்தது. பாதைக்குச் சற்று உள்ளே, ஒரு பாறையில் உட்கார்ந்தாள்.

“போவமா?” என்று அவன் கேட்டான்.

“நீ சொல்றதுதான். வேணும்னா நான் இங்க ஒக்காந்திருக்கேன்.”

அவன் விளிம்புப் பக்கம் போனான். பனியில் அவன் முதுகு பாதி கரைந்து நின்றது. வெகு நேரமாயிற்று. அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கக் குனிந்திருந்தாள்.

“சின்னம்மா!”

அவள் நிமிரவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள்.

“சின்னம்மா! ஓடியாங்க, தெரியுது! மூடிரும், சீக்கிரம்!”

அவள் எழுந்து ஓடினாள். பனி நடுவில் கிழிந்திருந்தது. காலடியில் பாறை நேராக இறங்கி, எங்கோ கீழே காட்டின் முடிச்சுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அதற்கும் அப்பால் மலை மேல் மலையாக நீலம், தூரத்தில் ஒரு கீற்றுத் தண்ணீர். கீழிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. லோஜன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். விளிம்பு அருகில் என்பதால். “அங்க, அங்க பாருங்க” என்று காட்டிக்கொண்டே இருந்தான். அவள் பார்த்தாள். சில நிமிஷங்களில் வெள்ளை மறுபடியும் ஏறி வந்து மூடியது. கையை அவன் எடுத்துக்கொண்டான்.

திரும்பி நடக்கையில் அவனாகவே பேசினான். “கூப்புட்டது தப்பா?”

“இல்ல.”

“அம்மான்னு சொன்னா அவங்க மூஞ்சிதான் வருது. என்ன செய்ய? சொல்ல வரமாட்டேங்குது. அதனாலதான் இத்தன நாளும் ஒண்ணுமே சொல்லல.”

“அக்காதானே ஒன்ன வளத்துச்சு. அது சரிதான்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. “எனக்குக் கூப்புட ஒரு பேரு இருந்தாப் போதும்.”

கொஞ்ச தூரம் போய், அவன் குவைத்தில் பனி பெய்யுமா என்று கேட்டான். மண் காற்று அடிக்கும் என்று அவள் சொன்னாள். காவலாளி நின்ற வாயிலுக்கு வரும் வரை அந்த மண் காற்றைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். பட்டிப்பொல ஸ்டேஷனில் அவனைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டாள். பெட்டிக் கதவருகே நின்று, “வாறேன் சின்னம்மா” என்றான். ரயில் போன பிறகு மேடையில் வேறு யாரும் இல்லை. வேன்காரன் ஹார்ன் அடித்துக் கூப்பிடும் வரை அவள் அங்கேயே நின்றாள்.

அதன்பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. லோஜன் சில ஞாயிறுகளில் போன் எடுக்கிறான். சில ஞாயிறுகளில் மறந்துவிடுகிறான். அவள் இன்னும் அதே அறையில் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாள். ஆனால் வேலையில்லாத போயா நாட்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், இப்போது பஸ் ஏறி எங்காவது போகிறாள். ஒரு நாள் ஏதாவது அருவிக்கு, ஒரு நாள் ரயில் பாதையோரத்துக்கு. தனியாக ஒரு பெண் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். படம் எடுத்து அவனுக்கு அனுப்புகிறாள். பெருவிரலை உயர்த்திய சின்னப் படம் ஒன்று பதிலாக வரும்.

சென்ற போயாவுக்குப் பொகவந்தலாவைக்குப் போனாள். வளைந்து வளைந்து போன பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர், “யாரு வீட்டுக்குங்க போறீங்க?” என்று கேட்டான்.

“யாரு வீட்டுக்கும் இல்ல தம்பி. சும்மா பாக்கப் போறேன்.”

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தான். வினோதா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துகொண்டாள்.